குதிகால் தரையைத் தொட முடிகிறதா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறார்கள். பேச்சு வரவில்லை, இரவில் தூக்கம் இல்லை, பள்ளியில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்று வரிசைகட்டி நிற்கும் கவலைகளுக்கு நடுவே இந்த நடையைப் பற்றிப் பேசப் பெரும்பாலும் நேரம் கிடைப்பதில்லை. பேசும்போதோ இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. 'ஆட்டிசம் என்றால் அப்படித்தான் நடப்பார்கள், வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் 'காலைக் கீழே வை, காலைக் கீழே வை' என்று நாள் முழுக்க அதட்டுகிறோம். இரண்டுமே குழந்தைக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. குழந்தை எப்படி நடக்கிறது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குதிகாலால் தரையைத் தொட முடிகிறதா? தொட முடிந்தும் தொடாமல் நடக்கும் குழந்தைக்கு ஒரு வழி. தொடவே முடியாமல் போன குழந்தைக்கு வேறு வழி. முதல் வகைக் குழந்தை இரண்டாம் வகைக்குப் போய்விடாமல் காப்பதே பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று சான்றுகளோடு உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இயல்பான நடையைப் பார்ப்போம். நடக்கும்போது குதிகால்தான் முதலில் தரையில் படுகிறது. பிறகு உள்ளங்கால் முழுதும் படிகிறது. அந்தக் காலின் மேல் உடல் கடந்து செல்லும்போது கணைக்கால் எலும்பு பாதத்தை நோக்கிச் சாய்கிறது. அதன்பின் குதிகால் எழும்ப, விரல்கள் தரையை உந்துகின்றன. உடல் கடந்து செல்லும் அந்தக் கணத்தில் முழங்கால் ஏறக்குறைய நீண்டிருக்கும். கணுக்கால் செங்கோணத்தைத் தாண்டி இன்னும் சுமார் 10 பாகை மேல்நோக்கி மடங்க வேண்டும். இந்தப் பத்துப் பாகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். நடை பழகும் குழந்தைகள் அவ்வப்போது நுனிக்காலில் நடப்பதும் ஓடுவதும் இயல்புதான். இரண்டு, மூன்று வயதுக்குள் குதிகால் ஊன்றும் நடை நிலைபெற்றுவிடும். அதற்குப் பிறகும் நுனிக்கால் நடை நீடித்தால், காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். வாக்கரில் உட்கார வைத்ததுதான் காரணம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வாக்கர் விபத்துகளுக்கு இடம் தருவதால் அதைத் தவிர்ப்பது நல்லதுதான். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. ஆனால் வாக்கரை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஐந்து வயதில், எட்டு வயதில் தொடரும் நடைக்கு அதைக் காரணமாக்கித் தாயைக் குற்றவாளியாக நிறுத்துவதில் நியாயமில்லை.

எத்தனை குழந்தைகள் இப்படி நடக்கிறார்கள்? ஸ்வீடனில் ஐந்தரை வயதுக் குழந்தைகள் 1,436 பேரிடம் எங்ஸ்ட்ரோம், டெட்ரோஃப் இருவரும் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. வேறு நோய் எதுவும் இல்லாமல் நுனிக்காலில் நடந்தவர்களும் நடந்து நிறுத்தியவர்களும் சேர்த்து 4.9 சதவீதம், அந்த வயதிலும் தொடர்ந்தவர்கள் 2.1 சதவீதம். ஆனால் நரம்பு வளர்ச்சி, மனவளர்ச்சி சார்ந்த கண்டறிதல் பெற்ற குழந்தைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது இரு வகையினரும் சேர்ந்த விகிதம் 41.2 சதவீதமாக உயர்ந்தது. 17 பேரில் 7 பேர் என்ற சிறு குழுதான் அது என்றாலும் வேறுபாடு கண்ணில் படுகிறது. குழந்தைகளை நேரில் பரிசோதித்து 2011இல் பேரோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீடித்த நுனிக்கால் நடை இருந்தது. சுமார் 12 சதவீதத்தினருக்குக் குதிகால் நாண் இறுகியிருந்தது. 2005 முதல் 2016 வரையிலான பெருந்திரளான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு 2019இல் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் 8.4 சதவீதத்தினருக்கு இந்த நடை பதிவாகியிருந்தது. மற்றக் குழந்தைகளில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. இருபதுக்கும் எட்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. ஒன்று காலைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு, மற்றொன்று மருத்துவர் எழுதி வைத்திருந்தால் மட்டுமே தெரியவரும் கணக்கு. எழுதப்படாமல் போவது எவ்வளவு என்பதையும் இந்த இடைவெளி ஓரளவு உணர்த்துகிறது.

இதே எண்களைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் கிடையாது. நடையை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று முத்திரை குத்துவது தவறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலும் நுனிக்கால் நடையை ஆட்டிசத்தோடு அடிக்கடி சேர்ந்து வரும் அடையாளமாகத்தான் குறிப்பிடுகிறது. ஆட்டிசத்தைத் தீர்மானிக்கும் அளவுகோலாக வைக்கவில்லை. பேச்சு, பழகும் விதம், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் ஆகியவற்றிலும் ஐயம் இருந்தால்தான் இந்த நடை கூடுதல் தடயமாகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தை ஏன் இப்படி நடக்கிறது? கேள்வி புதிதல்ல. ஆட்டிசம் தனிப் பெயரோடு பரவலாக அறியப்படாத காலத்திலேயே, 1958இல், கோல்பெர்ட், கோக்லர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்த நடையைப் பற்றி எழுதினார்கள். குழந்தைப் பருவ மனச்சிதைவு என்ற தலைப்பில் அன்று பலவகைக் குழந்தைகளும் அடக்கப்பட்டிருந்தார்கள். அதன்பின் பல விளக்கங்கள் வந்தன. தரையின் குளிர்ச்சியும் சொரசொரப்பும் பொறுக்காமல் தொடும் பரப்பைக் குழந்தை குறைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. சமநிலையை உணரும் உட்செவி அமைப்பு வேறுவிதமாக இயங்குவதே காரணம் என்பது இன்னொன்று. 1978இல் மாண்ட்கோமெரியும் காகரும் இந்தத் திசையில் எழுதினார்கள். கெண்டைக்காலில் ஏற்படும் இறுக்கமும் மூட்டில் விழும் அழுத்தமும் குழந்தைக்குத் தேவைப்படும் உணர்வைத் தருகின்றன, அதைத் தேடியே குதிகாலைத் தூக்குகிறது என்பது மூன்றாவது. மொழி வளர்ச்சித் தாமதத்தோடு இந்த நடைக்குத் தொடர்பு உண்டு என்று 1989இல் அக்கார்டோவும் விட்மனும் சுட்டிக்காட்டினார்கள். அசைவுகளைத் திட்டமிட்டு அடுக்கும் மூளைச் செயல் வேறுபட்டிருப்பதையும், கைக்குழந்தைப் பருவத்துக்குரிய சில அனிச்சைச் செயல்கள் மறையாமல் தங்கிவிடுவதையும் காரணமாகக் கூறுவோர் உண்டு.

இவற்றில் எதுவும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவதில்லை. மொசைக் தரையில் நுனிக்காலில் நடந்துவிட்டு, செருப்புப் போட்டதும் குதிகாலை ஊன்றும் குழந்தைக்குத் தொடுவுணர்வு விளக்கம் பொருந்தலாம். எந்தத் தரையிலும், எந்தக் காலணியோடும், நின்றுகொண்டிருக்கும்போதுகூடக் குதிகாலைத் தூக்கியே வைத்திருக்கும் குழந்தைக்கு அது பொருந்தாது. மகிழ்ச்சி பொங்கும்போது கைகளை உதறிக்கொண்டு நுனிக்காலில் துள்ளும் குழந்தை வேறு வகை. காரணம் ஒன்றாக இல்லாதபோது மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது. உள்ளங்காலைப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், ஊஞ்சலில் ஆட்டினால் போதும், இந்த ஷூ வாங்கினால் போதும் என்று ஒற்றை வழியை விற்பவர்களிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இதனால்தான். குழந்தையைக் கவனித்து எழுதிவைப்பது எந்த விற்பனைப் பொருளையும்விடப் பயன் தரும். வெறுங்காலா, காலணியா? டைல்ஸா, சிமெண்டா, மணலா? மெதுவாக நடக்கும்போதா, ஓடும்போதா? நிற்கும்போதும் உண்டா? பசி, பரபரப்பு, சத்தம் மிகும்போது கூடுகிறதா? ஒரு வாரம் குறித்து வைத்து, கைபேசியில் பக்கவாட்டிலிருந்து ஐம்பது அடி நடப்பதைப் படம் பிடித்து, அதில் எத்தனை அடி குதிகால் பட்டது என்று எண்ணினால், தெரபிஸ்டிடம் கொண்டுபோக அதைவிடச் சிறந்த ஆவணம் கிடைக்காது.

காரணம் எதுவாக இருந்தாலும், விளைவு ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறது. கெண்டைக்கால் தசை நீட்டப்படாமல் சுருங்கிய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தால், தசை அந்த நீளத்துக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது. குழந்தை உயரமாக வளர்கிறது, எலும்பு நீள்கிறது, தசையும் நாணும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. முதலில் அந்தப் பத்துப் பாகை போகிறது. பிறகு கணுக்கால் செங்கோணத்துக்கே வராது. தொடக்கத்தில் பழக்கமாகவோ தேவையாகவோ இருந்தது இப்போது உடலின் தடையாகிவிடுகிறது. இதற்குப் பிறகு குழந்தையே விரும்பினாலும் குதிகாலை ஊன்ற முடியாது. படியில் இறங்குவது, பேருந்தில் ஏறுவது, நீண்ட நேரம் நிற்பது எல்லாம் கடினமாகின்றன. உடலின் எடை முழுவதையும் பாதத்தின் முன்பகுதி தாங்குவதால் அங்கே தோல் காய்த்துப்போகிறது, வலியும் வரலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை நடக்க மறுக்கும், கீழே உட்கார்ந்துகொள்ளும், எரிச்சல்படும். அதையும் நாம் நடத்தைப் பிரச்சினை என்று எழுதிவிடுகிறோம். ஆகவேதான் நடையின் அழகை விட்டுவிட்டுக் கணுக்காலின் அசைவெல்லையைக் கண்காணிக்கச் சொல்கிறேன்.

அதை எப்படிப் பார்ப்பது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். குழந்தை பாயில் மல்லாந்து படுத்திருக்கிறது. முழங்கால் நேராக இருக்கிறது. தெரபிஸ்ட் ஒரு கையால் குதிகாலைக் குவித்துப் பிடிக்கிறார்; பாதத்தைச் சற்றே உட்புறம் திருப்பி வைக்கிறார். அப்படித் திருப்பாவிட்டால் கணுக்கால் மடங்காமலே பாதத்தின் நடுப்பகுதி வளைந்துகொடுத்து, அசைவு போதுமான அளவு இருப்பதாக ஏமாற்றிவிடும். பிறகு பாதத்தை மெதுவாகக் குழந்தையின் முகம் நோக்கித் தள்ளுகிறார். செங்கோணத்தைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று கோணமானியால் அளக்கிறார். அடுத்து முழங்காலை மடக்கி அதையே செய்கிறார். கெண்டைக்காலின் மேலடுக்குத் தசை முழங்காலைக் கடந்து தொடை எலும்பில் தொடங்குகிறது. உள்ளடுக்குத் தசை முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. முழங்காலை மடக்கினால் அசைவு தாராளமாகி, நீட்டினால் குறைந்தால் இறுக்கம் மேலடுக்கில் இருக்கிறது. இரு நிலையிலும் குறைவாக இருந்தால் இரண்டு அடுக்கும் நாணும் இறுகிவிட்டன என்று பொருள். இரண்டு நிமிட வேலை. கருவிச் செலவும் சொற்பம். இரண்டு கால்களுக்கும் சேர்த்து நான்கு எண்கள் கிடைக்கும். அந்த நான்கு எண்களும் தேதியோடு குழந்தையின் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் இதற்குத் துணையாக ஒரு சோதனை தானாகவே அமைந்திருக்கிறது. குதிகால் தரையில் பதியக் குந்தி உட்காருவதற்குக் கணுக்கால் மிக ஆழமாக மடங்க வேண்டும். இந்திய முறைக் கழிப்பறையில் உட்காரும்போதும், கீழே கிடப்பதைப் பொறுக்கும்போதும் குழந்தை எப்படிக் குந்துகிறது என்று பாருங்கள். முன்பு நன்றாகக் குந்திய குழந்தை இப்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டு குந்துகிறதா? குதிகாலைப் பதித்தால் பின்னால் சாய்ந்து விழுகிறதா? அப்படியானால் உடனே அளந்து பார்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. குந்தும்போது முழங்கால் மடங்கியிருப்பதால் மேலடுக்குத் தசை தளர்ந்துவிடும். நன்றாகக் குந்துகிற குழந்தைக்கும் முழங்கால் நீட்டிய நிலையில் இறுக்கம் இருக்கலாம். ஆகவே குந்த முடியாவிட்டால் அது அபாயச் செய்தி. குந்த முடிந்தால் மட்டும் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. வெளியே வாசலில் கழற்றிவைத்த செருப்பும் பேசும்: முன்பகுதி தேய்ந்து, குதிகால் பகுதி புதிதுபோல் இருந்தால், குழந்தை நாம் பார்க்காத நேரத்திலும் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

அளப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்வது. ஆட்டிசம் என்ற சொல் குறிப்பேட்டில் ஏறிய பிறகு, குழந்தையிடம் காணும் எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் மருத்துவர்களுக்கும் உண்டு, பெற்றோருக்கும் உண்டு. பெருமூளை வாதம், முதுகுத்தண்டுவடம் கீழே கட்டுண்டிருத்தல், புற நரம்பு நோய்கள், டியூஷேன் தசைச்சிதைவு ஆகியவற்றிலும் நுனிக்கால் நடை வரும். ஒரு காலில் மட்டும் இருந்தாலும், நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை புதிதாக இப்படி நடக்கத் தொடங்கினாலும், படியேறும் திறன் குறைந்துகொண்டே வந்தாலும், தரையிலிருந்து எழும்போது தொடையின் மேல் கையூன்றி ஏறி எழுந்தாலும், கெண்டைக்கால் வழக்கத்துக்கு மீறிப் பருத்திருந்தாலும், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு புதிதாகக் குலைந்தாலும் தாமதிக்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். டியூஷேன் நோயைத் தனித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நோயில் குறைபடும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் மூளையிலும் இருக்கிறது. அந்த நோயுள்ள சிறுவர்களிடம் ஆட்டிசமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே ஒரு சிறுவனுக்கு ஆட்டிசம் இருப்பதாலேயே தசைச்சிதைவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஐயம் இருந்தால் கிரியேட்டின் கைனேஸ் என்ற எளிய இரத்தப் பரிசோதனை வழிகாட்டும்.

வேறு நோய் இல்லை, கணுக்காலில் அந்தப் பத்துப் பாகையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வது? இங்கே நம் நோக்கம் இருக்கும் அசைவைக் காப்பாற்றுவது. சரிவுப் பாதையில் மேலே ஏறி நடப்பது, குதிகாலால் மட்டும் நடந்து காட்டும் விளையாட்டு, குந்தி உட்கார்ந்து பொம்மைகளை அடுக்குவது, கடற்கரை மணலில் நடப்பது ஆகியவை கெண்டைக்காலை நீட்டுகின்றன. பாதத்தை மேலே தூக்கும் முன்பக்கத் தசைக்கும் வேலை தருகின்றன. கையால் செய்யும் நீட்சிப் பயிற்சியைத் தெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு, அன்றாட ஒழுங்கில் ஓர் இடத்தில், குளித்த பிறகோ படுக்கைக்கு முன்போ, எப்போதும் ஒரே நேரத்தில் செய்வது ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏற்றது. அடிப்பகுதி எளிதில் வளையாத, கணுக்காலை அணைத்துப் பிடிக்கும் ஷூ சிலருக்கு உதவுகிறது. நாம் வீட்டுக்குள் காலணி அணிவதில்லை. குழந்தை அதிக நேரம் நடப்பதோ வீட்டுக்குள்தான். எனவே வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த ஒரு தனி ஜோடி வைத்துக்கொண்டால்தான் பலன் கிட்டும். குதிகால் படும்போது ஒலி எழுப்பும் சிறு கருவியைக் காலணியில் பொருத்தி, பாராட்டும் பயிற்சியும் சேர்த்துச் செய்தபோது ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளின் நுனிக்கால் நடை குறைந்ததாக மார்கஸும் சக ஆய்வாளர்களும் 2010இல் எழுதினார்கள். மூன்று பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஒலியைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு இது உதவாது. ஆனால் இந்த ஆய்வில் ஒரு பாடம் இருக்கிறது: குதிகால் பட்டபோது குழந்தைக்கு ஏதோ ஒன்று கிடைத்தது. நம் வீடுகளிலோ குதிகால் படாதபோதுதான் குழந்தைக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது, அது அதட்டல். அதட்டினால் இரண்டடி சரியாக வைத்துவிட்டு மூன்றாவது அடியில் குதிகால் எழும்பிவிடும். நடை என்பது நினைத்து நினைத்துச் செய்யும் செயல் அல்ல. மிஞ்சுவது குழந்தையின் பதற்றம்தான்.

அசைவு குறையத் தொடங்கிவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும். கணுக்காலைச் செங்கோணத்தில் நிறுத்தும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட்டை இரவிலோ பகலிலோ அணிவிப்பது ஒரு வழி. நம் வெயிலுக்கு உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை அவசியம். கழற்றியபின் தோலில் ஏற்பட்ட சிவப்பு விரைவில் மறைகிறதா என்று பார்ப்பதும் அவசியம். அடுத்தது தொடர் மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துப் பிரித்து, கிடைத்த அசைவுக்கு ஏற்ப இன்னும் சற்று மேலே மடக்கி மீண்டும் கட்டுவார்கள். சில வாரங்களில் பல பாகைகள் திரும்பக் கிடைப்பதுண்டு. ஆனால் பிறகு பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் தொடராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். மாவுக்கட்டோடு போட்டாக்ஸ் ஊசியும் சேர்த்தால் நல்லது என்று பலர் கருதினார்கள். காரணம் தெரியாத நுனிக்கால் நடை உள்ள 47 குழந்தைகளிடம் ஸ்வீடனில் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களைவிட ஊசியும் சேர்த்துக்கொண்டவர்கள் மேலான பலன் எதையும் பெறவில்லை. செலவு மிகுந்த ஊசியைப் பரிந்துரைக்கும்போது இந்த முடிவைக் குடும்பத்துக்குச் சொல்வது மருத்துவரின் கடமை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மாவுக்கட்டே பெரிய சோதனை. கட்டின் கனம், அரிப்பு, பிரிக்கும் ரம்பத்தின் சத்தம் எல்லாமே தாங்க முடியாதவையாகலாம். படங்களால் முன்கூட்டியே சொல்லிக் காட்டுவதும், பொம்மையின் காலில் கட்டுப் போட்டுக் காட்டுவதும், ரம்பத்தின் ஒலியைக் கைபேசியில் மெதுவாகக் கேட்கப் பழக்குவதும் சிகிச்சையின் பகுதிகளே. கூடுதல் சலுகைகள் என்று எண்ணக் கூடாது.

இங்கே சில மறுப்புகள் எழும். 'எல்லாக் குழந்தைக்கும் தானாகவே சரியாகிறது, எங்கள் பிள்ளைக்கும் ஆகும்' என்பது முதல் மறுப்பு. பாதி உண்மை. முதலில் சொன்ன 2012ஆம் ஆண்டு ஸ்வீடன் ஆய்வின் குழந்தைகளைப் பத்து வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது, வேறு நோய் இல்லாமல் நுனிக்காலில் நடந்தவர்களில் 79 சதவீதத்தினர் தாமாகவே நிறுத்தியிருந்தார்கள். ஆட்டிசம் இல்லாத குழந்தையின் பெற்றோருக்கு இது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் நான் முன்னே குறிப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சை இல்லாத நிலையில், கண்டறிந்த பின் பத்தாண்டுக் காலத்திலும் நுனிக்கால் நடை தொடர்ந்தவர்கள் மற்றக் குழந்தைகளில் 19.3 சதவீதம், ஆட்டிசம் உள்ளவர்களில் 63.6 சதவீதம். ஒருவருக்குப் பொருந்தும் பொறுமையை மற்றவருக்கு அப்படியே எடுத்துக் கொடுக்க முடியாது. காத்திருக்கலாம், ஆனால் அளந்துகொண்டே காத்திருக்க வேண்டும்.

'அப்படியானால் ஆபரேஷன் செய்து ஒரேயடியாக முடித்துவிடலாமே' என்பது இரண்டாவது. இறுகிப்போன நாணையோ தசை உறையையோ நீளமாக்கும் அறுவைக்கு இடம் உண்டு. மாவுக்கட்டாலும் திரும்பாத இறுக்கத்துக்கு அது தேவைப்படலாம். ஆனால் அறுவை நீளத்தைத்தான் மாற்றுகிறது. குழந்தையைக் குதிகால் தூக்க வைத்த உணர்வுத் தேவையோ அசைவு ஒழுங்கோ மாறுவதில்லை; ஆகவே நடை திரும்பி வரலாம். நாணை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால் கெண்டைக்காலின் வலு குன்றி, முழங்கால் மடங்கிய நடை வந்துவிடும் ஆபத்தும் உண்டு. அசைவு போதுமான அளவு இருக்கும் குழந்தைக்கு, நடை பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் அறுவை செய்யக் கூடாது. நான்கு எண்கள் எழுதிய அந்தப் பக்கம் இல்லாமல் யாராவது அறுவைக்குத் தேதி குறித்தால், அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. 'என் உடல் இப்படித்தான் நடக்கிறது. உங்கள் கண்ணுக்கு இயல்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக என்னை ஏன் திருத்துகிறீர்கள்?' என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என் வாதத்தின் பாதி இதிலிருந்தே பிறக்கிறது. கணுக்கால் தளர்வாக, வலியின்றி இருக்கும்வரை, மகிழ்ச்சியில் நுனிக்காலில் துள்ளும் குழந்தையைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஊர் என்ன சொல்லும் என்பது சிகிச்சைக்குக் காரணமாகக் கூடாது. ஆனால் அசைவை இழந்த கணுக்கால் அந்தக் குழந்தைக்குத் தேர்வு எதையும் விட்டுவைப்பதில்லை. நாளை பெரியவராகி, குந்த வேண்டும், மலையேற வேண்டும், நாள் முழுக்க நின்று வேலை செய்ய வேண்டும் என்று விரும்பும்போது உடல் இடம்கொடுக்க வேண்டும். நுனிக்காலிலும் நடக்கலாம், குதிகாலிலும் நடக்கலாம் என்ற இரண்டு வழியையும் திறந்து வைப்பதே குழந்தையின் உரிமையைக் காப்பது.

நான்காவது மறுப்பு ஆய்வாளர்களிடமிருந்து வருவது. 'எந்தச் சிகிச்சைக்கும் உறுதியான சான்று இல்லை. பிறகு ஏன் குழந்தையைப் படுத்த வேண்டும்?' சான்று மெலிந்தது என்பது உண்மை. காரணம் தெரியாத நுனிக்கால் நடைக்கான சிகிச்சைகளை 2019இல் மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் தகுதி பெற்ற ஆய்வுகள் நான்குதான். அவற்றில் இருந்த குழந்தைகள் மொத்தம் 104 பேர். எந்த முறை மேலானது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சான்று அதைவிடக் குறைவு. ஆனால் சான்று குறைவு என்பதிலிருந்து ஒன்றும் செய்யாதே என்ற முடிவு பிறக்காது. படிப்படியாகச் செய் என்ற முடிவே பிறக்கிறது. செலவும் வலியும் குறைந்ததை முதலில் செய்ய வேண்டும். தொடங்கும் முன் அளக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். பயன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். பயனற்ற பயிற்சியை ஆண்டுக்கணக்கில் பணம் கட்டித் தொடர்வதிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுவதும் இந்த அளவீடுதான்.

இதற்குப் பெருநகர மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. 2013இல் நாடு முழுவதும் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கான திட்டம் அது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. பிசியோதெரபிஸ்ட் இருக்கும் எந்த இடத்திலும் அந்த நான்கு எண்களைப் பெறலாம். பெற்றோருக்கு நான் வைக்கும் வேண்டுகோள்: அடுத்த முறை போகும்போது 'என் பிள்ளை எப்போது சரியாக நடப்பான்?' என்ற கேள்வியோடு, 'முழங்கால் நீட்டிய நிலையில் கணுக்கால் எத்தனை பாகை மடங்குகிறது?' என்றும் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குழந்தை வேகமாக உயரும் ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கேளுங்கள். ஆசிரியர்களுக்கு வைக்கும் வேண்டுகோள்: வகுப்பில் அதட்டுவதை நிறுத்திவிட்டு, குந்தி விளையாடவும் சரிவில் ஏறவும் ஒரு நாளில் சில நிமிடங்கள் ஒதுக்குங்கள். மருத்துவர்களுக்கு வைக்கும் வேண்டுகோள்: ஆட்டிசம் என்று எழுதிய குறிப்பேட்டைத் திறந்ததும் குழந்தையின் காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த மூன்றும் நடந்தால், எளிதாகக் காப்பாற்றியிருக்கக்கூடிய அசைவை இழந்து அறுவைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும். அது நம் கைக்கு எட்டும் இலக்கு, இன்றே தொடங்கக்கூடியது.